கண்ணை மூடினால் காது திறக்குமா?



நம் சபை வாலிபர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் நல்லதோர் ஒலிபெருக்கி இணையை வாங்கி வைத்திருக்கிறார். "ஐயா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. இது மெய்தானா, என் மனப்பிரமையா?" என்று அவர் என்னிடம் வினவினார். மூத்த தாயார் ஒருவரும் இதே கேள்வியை வேறொரு விதமாகக் கேட்டதுண்டு. ஒலியின் தெளிவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. வீட்டில் கீர்த்தனை ஒலிக்கும்போது தாம் கண்ணைத் திறந்திருப்பது பயபக்திக் குறைவோ என்பதே அவருடைய அச்சம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இமையை மூடுவதால் செவியின் கூர்மை கூடிவிடுவதில்லை. ஆனால் செவியோடு போட்டியிட்டு நிற்பவற்றுள் சில விலகிப் போகின்றன. உள்ளத்தில் எழும் உணர்ச்சி பெரிதாகிறது. இவ்விரண்டும் பல வேளைகளில் நன்மை பயப்பவை. சில வேளைகளில் அவற்றாலேயே கேடும் விளையும். ஆகையால் எப்போது மூடுவது, எப்போது திறந்திருப்பது என்று பகுத்தறிந்து செய்வதே நலம்.

1929-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னசைவுகளைத் தலையின் மேற்புறத்திலிருந்தே பதிவு செய்து வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாய் அமர்ந்திருப்பவரின் மூளையில், சிறப்பாக அதன் பின்பகுதியில், நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 13 முறை எழுந்து தாழும் சீரான அலை ஒன்று தோன்றுகிறது. கண்ணைத் திறந்தவுடன் அது தணிந்துவிடுகிறது. ஆல்ஃபா அலை என்று இன்று வழங்கப்படுவது இதுவே. பார்வைக்குரிய பகுதி தன் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு இதை ஓர் அடையாளமாகக் கொள்வர். கடைக்காரர் மதிய வேளையில் கதவைப் பாதி சாத்தி வைப்பதைப் போன்றது அது. கடை மூடப்படவில்லை, ஆயினும் உள்ளே வந்து போவோர் குறைவு.

அப்படியானால் மிச்சப்பட்ட கவனம் முழுவதும் செவிக்குப் போய்ச் சேருகிறதா? நம் வாலிபரைப் போலவே நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அவ்வாறு சொல்லவில்லை. ஒலிக்கும் எண்களில் சிலவற்றைக் கவனித்து மற்றவற்றை ஒதுக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த சோதனை. கண்ணை மூடியபோது கவனத்தோடு தொடர்புடைய ஆல்ஃபா அலையின் ஏற்ற இறக்கம் மிகுந்தது உண்மை. ஆனால் கேட்டுச் சொல்லும் திறனில் முன்னேற்றம் காணப்படவில்லை. ஒரு சோதனையைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவுகட்ட இயலாது; எண்களைக் கேட்பதும் இசையைக் கேட்பதும் ஒன்றாகா. எனினும், கண்ணை மூடியதும் எல்லாம் தெளிவாகிவிட்டது என்ற நம் உணர்வை அப்படியே நம்பிவிடலாகாது என்ற அளவுக்கு அது நம்மை எச்சரிக்கிறது.

உணர்ச்சியின் கதை வேறு. 2009-இல் டெல் அவீவ் நகர ஆய்வாளர்கள் அச்சமூட்டும் இசையைச் சிலருக்குக் கேட்கக் கொடுத்து, அவர்களுடைய மூளையின் இயக்கத்தைப் படம் பிடித்தனர். அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் சிறு பகுதி, கண்ணைத் திறந்து கேட்டபோது இருந்ததைவிடக் கண்ணை மூடிக் கேட்டபோது மிகுதியாக இயங்கியது. ஒலி ஒன்றே. மாறியது இமை மட்டுமே. ஆகவே அந்த வாலிபர் அடைந்த அனுபவம் பிரமையன்று. ஆயினும் அவர் அதற்கு இட்ட பெயர் பொருந்தவில்லை என்று எண்ணுகிறேன். அவர் உணர்ந்தது தெளிவைக் காட்டிலும் ஆழமாக இருக்கலாம்.

இனி, செவிக்குப் போட்டியாக நிற்பது என்றேனே, அந்தக் கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண் ஒரு பணிவான ஊழியன் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது மற்றப் புலன்களின் தீர்ப்பையும் தானே எழுதிவிடும் அதிகாரி. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்னும் இருவர் செய்து காட்டிய ஒரு சோதனை இன்று பலரும் அறிந்தது. ஒலிப்பது 'பா' என்ற அசை. திரையில் தெரியும் உதடுகள் உச்சரிப்பது 'கா'. பார்த்துக்கொண்டே கேட்பவருக்குப் பெரும்பாலும் காதில் விழுவது 'டா'. கண்ணை மூடினால் 'பா' திரும்பி வந்துவிடும். ஒலிபெருக்கி இணையின் முன் அமர்ந்து கேட்பவர்களும் இதற்கு நிகரானதைச் சொல்வதுண்டு. கண் திறந்திருக்கும்வரை பாட்டு அந்த இரண்டு மரப்பெட்டிகளிலிருந்து வருவதாகத் தோன்றும். கண்ணை மூடினால் பாடகர் நடுவே வந்து நிற்பார். பெட்டியைப் பார்க்கிற கண், ஒலியைப் பெட்டியிலேயே கட்டிவைக்கப் பார்க்கிறது.

2013-இல் சியா-ஜுங் சாய் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இதைவிடக் கூச்சம் தருவது. அவர் தாமே ஒரு பியானோ கலைஞர். இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைக் கொடுத்து, வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்களைக் காட்டிலும், ஒலியே இல்லாத காட்சியை மட்டும் பார்த்தவர்களே வென்றவரைச் சரியாகச் சுட்டினர். இசையில் தேர்ந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. அமெரிக்க இசைக்குழுக்கள் பலவற்றில் 1970-களிலிருந்து தேர்வின்போது விண்ணப்பதாரருக்கும் நடுவருக்கும் இடையில் திரை தொங்கவிடும் வழக்கம் பரவியது இத்தகைய காரணத்தினால்தான். வருபவர் ஆணா பெண்ணா என்பதைக் காலடி ஓசை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தரையில் கம்பளம் விரித்த குழுக்களும் உண்டு. திரை வந்தபின் அக்குழுக்களில் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்தது.

இதை வாசித்தபோது எனக்குச் சவுல் ராஜா நினைவுக்கு வந்தார். சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் 16-ஆம் அதிகாரத்தையும் 18-ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள். முதலாவதில் தாவீது சுரமண்டலம் வாசிக்கிறான். சவுல் ஆறுதல் அடைகிறார். இரண்டாவதிலும் வாசிப்பவன் தாவீதுதான், அதே கைதான். ஆனால் இடையில் ஒன்று நடந்துவிட்டது. வெற்றி பெற்றுத் திரும்பியவர்களை எதிர்கொண்ட பெண்களின் பாடலில் தாவீதின் பெயர் தம் பெயரைவிட உயர்ந்து ஒலித்ததைச் சவுல் கேட்டார். அந்நாள் முதல் அவருடைய கண் தாவீதின்மேல் பொறாமையோடு தங்கியது என்று வேதம் குறிப்பிடுகிறது. மறுநாள் சுரமண்டலம் ஒலித்தபோது அவர் இசையைக் கேட்கவில்லை, வாசிப்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஈட்டி இருந்தது. வாசிப்பு மோசமாகிவிட்டது என்று அங்கே எழுதப்படவில்லை. நம் பாடகர் குழுவில் யார் பாடுகிறார், யாருடைய மகள், யாருக்குத் தனிப்பாடல் கிடைத்தது என்று பார்த்துக்கொண்டே பாட்டைக் கேட்பவர்கள் இந்த அதிகாரத்தைச் சற்று நிதானமாக வாசிக்கலாம்.

ஆகவே கண்ணை மூடுவது நல்லது என்பேனா? பொறுங்கள். மறுபக்கத்தில் நிற்பவர்கள் எளியவர்கள் அல்லர். கண்களுக்கு வேலை கொடுக்காமல் மூடிக்கொண்டு இசை கேட்பது தமக்கு என்றுமே அருவருப்பானது என்று ஸ்ட்ராவின்ஸ்கி 1930-களில் வெளிவந்த தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இசையை உண்டாக்கும் உடலின் அசைவுகளைக் காண்பது, அந்த இசையை முழுமையாகப் பற்றிக்கொள்ள இன்றியமையாதது என்பது அவர் வாதம். அவருக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே ஷூமன், லிஸ்ட் திரைக்குப் பின்னிருந்து வாசித்தால் அவருடைய கவிதையில் பெரும்பங்கு காணாமற்போகும் என்ற பொருள்பட எழுதினார். நம் ஊர்க் கச்சேரியில் மிருதங்கக்காரரின் விரல்களைப் பார்க்காமல் தனி ஆவர்த்தனத்தைக் கேட்பவர் எவ்வளவை இழக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். இவ்வாதத்தை நான் ஏற்கிறேன். மனிதர் முன்னின்று பாடும் இடத்தில் கண்ணைத் திறந்திருங்கள். ஆராதனையிலும் அப்படியே. பக்கத்தில் நிற்பவர் தொண்டை அடைத்துப் பாடாமல் நிற்பதைக் கண் திறந்திருப்பவரே காண்பார்.

ஆனால் ஸ்ட்ராவின்ஸ்கியின் வாதம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃபை உருவாக்கும் வரையில், பாடுகிற மனிதர் இல்லாமல் அவருடைய குரலில் பாட்டு இல்லை. அதன்பின் ஒலி வேறு, ஆள் வேறு என்றாகிவிட்டது. 1915 முதல் எடிசன் நிறுவனம் ஊர் ஊராக நடத்திய நிகழ்ச்சிகளில் விளக்கை அணைத்துவிட்டு, பாடுவது மேடையில் நிற்கும் பாடகரா, சுழலும் இசைத்தட்டா என்று மக்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வியாபாரத் தந்திரம்தான், ஆனால் இருட்டில்தான் அந்தத் தந்திரம் பலிக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் வீட்டில் பாட்டு ஒலிக்கும்போது காண்பதற்கு விரல்களும் இல்லை, முகமும் இல்லை. கண் எதைப் பார்க்கும்? மடிக்காத துணியை, நாட்காட்டியில் வட்டமிட்ட மின்கட்டணத் தேதியை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பேசியை.

கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் வரும் பாடல் காணொலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கீர்த்தனை ஒலிக்கிறது, திரையில் எந்த நாட்டு அருவியோ விழுகிறது, கதிரவன் மறைகிறான், புறா பறக்கிறது. இப்படங்களுக்கும் அந்தப் பாட்டுக்கும் எந்த உறவும் இல்லை. பாடுபவரின் அசைவைக் காண்பதற்காக ஸ்ட்ராவின்ஸ்கி கேட்ட கண் இதுவல்ல. இந்த இடத்தில் நான் தயக்கமின்றிச் சொல்வேன்: திரையைக் கவிழ்த்து வையுங்கள். கண்ணை மூட விருப்பமில்லாவிட்டாலும் அதையாவது செய்யுங்கள்.

கண்ணை மூடுவதில் உள்ள அபாயத்தையும் மறைக்கலாகாது. பிரசங்க நேரத்தில் கண் மூடுவோரைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை என்றாலும், உறக்கம் முதலாவது அபாயம் என்பதை எந்தப் போதகரும் அறிவார். இரண்டாவது, மூடிய கண்ணும் சும்மா இருப்பதில்லை. அது வேறொன்றைப் பார்க்கத் தொடங்குகிறது. அறிஞர் ரூசோ 1743-இல் வெனிஸ் நகரத்துக்குத் தூதரகப் பணியாக வந்தவர். அங்கே ஆதரவற்ற பெண்களை வளர்த்த அறநிலையம் ஒன்றில், கம்பித் தடுப்புக்குப் பின்னிருந்து அப்பெண்கள் பாடிய மாலை ஆராதனை இசையில் அவர் உள்ளம் உருகினார். முகம் தெரியாத அந்தக் குரல்களுக்குத் தேவதைகளின் முகங்களைத் தாமே தீட்டிக்கொண்டார். ஒருநாள் நண்பர் ஒருவர் அவரை உள்ளே அழைத்துப்போய் அறிமுகம் செய்தார். ஒருத்திக்கு ஒரு கண் இல்லை. ஒருத்தியின் முகம் அம்மைத் தழும்பால் சிதைந்திருந்தது. ரூசோ திகைத்தார். ஆயினும் அவர்களோடு அமர்ந்து உண்டு உரையாடியபின், அதன்பிறகு பாட்டைக் கேட்டபோதெல்லாம் தம் கண் சொன்னதையும் மீறி அவர்களை அழகிகளாகவே கண்டதாக அவர் தம் நூலில் ஒப்புக்கொள்கிறார். எனக்கு இக்கதையில் பிடித்தது அந்த உணவு மேசைதான். கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று அவர் கேட்டதில் பாதி அவருடைய சொந்தக் கனவு. கீர்த்தனையைக் கண் மூடிக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர், அந்தக் கண்ணீர் பாட்டினால் வந்ததா, தாம் கூடவே ஓட்டிய படத்தினால் வந்ததா என்று சில வேளைகளிலாவது கேட்டுக்கொள்ளலாம்.

துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கணவரை இழந்த ஒரு சகோதரி, அடக்க ஆராதனையில் பாடிய பாட்டை இரவில் தனியே, விளக்கை அணைத்து, கண்ணை மூடிக் கேட்பதாகவும், கேட்டபின் விடியும்வரை உறக்கம் வருவதில்லை என்றும் என்னிடம் சொன்னார். அவர் அதை ஒரு கடமையாக எண்ணியிருந்தார். கண்ணை மூடிக் கேட்கும்போது உணர்ச்சி பெருகுகிறது என்பது மெய்யானால், அது ஆறுதலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதில்லை. வேதனையையும் அச்சத்தையும் சேர்த்தே பெருக்கும். ஆகையால் நான் அவரிடம், "அம்மா, அந்தப் பாட்டைப் பகலில் கேளுங்கள். கண்ணைத் திறந்து, உங்கள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். கொஞ்ச காலம் கேட்காமல் விட்டாலும் பாதகமில்லை" என்றேன். இத்தகைய நிலையில் இருப்பவர்கள் யாராயினும் எனக்குத் தெரிவியுங்கள். வந்து உட்கார்ந்து சேர்ந்து கேட்கலாம்.

அந்த மூத்த தாயாரின் அச்சத்துக்கு விடை சுருக்கமானது. மூடிய இமை பயபக்திக்கு அளவுகோல் அன்று. நம் ஊரில் ஜெபத்தின்போது கண்ணை மூடிப் பழகிய நாம், அந்த வழக்கத்தைப் பாட்டுக்கும் நீட்டி, பிறகு கண் திறந்திருப்பவரை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். பார்த்தவரும் கண்ணைத் திறந்துதானே பார்த்திருக்க வேண்டும்!

இனி நான் பரிந்துரைக்கும் முறை. வீட்டில் ஒரு பாட்டை இருமுறை கேளுங்கள். முதல் முறை மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, கைப்பேசியைக் கவிழ்த்து, நிமிர்ந்து அமர்ந்து, கண்ணை மூடிக் கேளுங்கள். சாய்வு நாற்காலி வேண்டாம்; காரணம் மேலே சொன்னதுதான். இரண்டாம் முறை கண்ணைத் திறந்து, புத்தகத்தை மடியில் வைத்துக் கேளுங்கள். கீர்த்தனையானால் பல்லவி எங்கே திரும்புகிறது, சரணத்தின் எந்தச் சொல்லில் ராகம் நீள்கிறது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே வரலாம். பாமாலைப் பாட்டானால், மேற்குரலை விட்டுவிட்டு ஆல்ட்டோ என்னும் இரண்டாம் குரலை மட்டும் ஓர் அடி முழுவதும் பின்தொடருங்கள். இதற்குக் கண்ணை மூடுவது பெரிதும் உதவுகிறது என்பது என் அனுபவம். தொலைந்துவிட்டால் கண்ணைத் திறந்து டானிக் சோல்ஃபா எழுத்துகளில் மீண்டும் பிடித்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு மேல்நாட்டு இசை வேண்டுமானால், ஆர்கனுக்காகப் பாக் இயற்றிய ஜி மைனர் சிறிய ஃபியூக் ஏற்றது. ஏறக்குறைய நான்கு நிமிடம். ஒரே இசைவரி மேலிருந்து கீழாக நான்கு குரல்களில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகிறது. நான்காவது குரல் எங்கே நுழைகிறது என்று கண்ணை மூடிக் கண்டுபிடிக்க முடிந்தவர் மெய்யாகவே கேட்கிறார்.

இத்தனையும் எழுதியபின் ஒன்று உறுத்துகிறது. நம் வீடுகளில் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்க யாருக்கு வாய்க்கிறது? கூடத்து நாற்காலியில் ஐயா கண்ணை மூடி அமர்ந்திருக்கிறார். அதே பாட்டு அடுப்படிக்கும் கேட்கிறது. அங்கே அம்மா வெங்காயம் அரிகிறார், குக்கரின் விசிலை எண்ணுகிறார், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார். கண்ணை மூடினால் விரல் போய்விடும். ஆயினும் மூன்றாம் சரணத்தின் சொற்களைப் புத்தகம் பாராமல் சொல்லக் கூடியவர் பெரும்பாலும் அவர்தான். கண் திறந்து, கை ஓயாமல், இருபது முப்பது ஆண்டுகளாகக் கேட்ட அந்தக் கேள்வியை நான் ஒருபோதும் குறைவானது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கும் ஒருமுறை உட்கார்ந்து கேட்க ஆசை இருக்கும் அல்லவா?

ஆகையால் வரும் ஞாயிறு மாலை, வீட்டு ஐயாமார் ஒரு பத்து நிமிடம் அடுப்படிக்குப் போகட்டும். அம்மா கூடத்து நாற்காலியில் அமர்ந்து, தமக்குப் பிடித்த பாட்டைத் தாமே தேர்ந்தெடுத்துக் கேட்கட்டும். கண்ணை மூடுவதும் திறப்பதும் அவர் விருப்பம். அடுப்பில் பால் இருக்கும். அதை ஐயா கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.